நாச்சிமுத்து விட்ட மூச்சு

நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், நாலு எண்ணும்வரை அதை நிறுத்த வேண்டும், எட்டு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். விஷயம் இவ்வளவுதான், எட்டு வரை எண்ணத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனாலும் ஈச்சம்புதூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒன்பதரை மாதம் கொடுக்கப்பட்டது, அதற்குப் பிறகும் அவர்கள் புரிந்துகொள்ளவில்லை.

ஈச்சம்புதூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சலூன் வைத்திருந்தவன் நாச்சிமுத்து. வயது முப்பத்தாறு, அதில் பத்தொன்பது வருடம் குடி. மளிகைக் கடைக்காரன் குடித்தால் அது அவனோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கும். சவரம் செய்கிறவன் குடித்தால் அது வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். அவன் குனியும்போதெல்லாம் ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஊர் முகத்தைத் திருப்பிய பக்கமெல்லாம் கத்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தொடர்ந்தது, கடைசியில் ஒரு கல்யாணத்தன்று காலையில் நடுங்கிய கை மாப்பிள்ளையின் கன்னத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை எல்லாப் படத்திலும் பிளாஸ்திரியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நாச்சிமுத்துவின் மனைவி வேலாத்தாள் சவரக் கத்தியை எடுத்து மஞ்சள் கறை படிந்த துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். அவள் மஞ்சள் மண்டியில் கூலிக்குப் போகிறவள், அவளுடைய துணி எல்லாமே மஞ்சள்தான். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. உன் வாயில் ஒன்றுமே மணக்காத நாள் வரும்போது கத்தியைத் தருகிறேன், அதுவரை கடைக்குப் பூட்டு என்றாள். பிறகு தினமும் காலையில், அவன் பல் துலக்கி முடித்ததும், அவள் பக்கத்தில் வந்து அவன் வாயை முகர்ந்து பார்ப்பாள், கத்தியை எடுக்காமலே வேலைக்குப் போவாள்.

நாச்சிமுத்து ஜில்லா ஆஸ்பத்திரியில் குடியை விடுகிறவர்களுக்கான வார்டில் போய்ப் படுத்தான். பத்து நாள் நடுங்கினான், மருந்தும் ஊசியும் ஏற்றினார்கள், பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்தான். அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஜெயசீலி சிஸ்டர். இது குடியைக் குணப்படுத்தாது என்பதை அவர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். மாத்திரை சாப்பிட வேண்டும், சோறு தின்ன வேண்டும், தூங்க வேண்டும். ஆனால் குடிக்கும் ஆசை ஒன்று வரும், வந்தால் கால் மணி நேரம் நிற்கும், பிறகு போய்விடும், அந்தக் கால் மணி நேரம் செய்வதற்கு மனிதனுக்கு ஒரு வேலை வேண்டும், அந்த வேலை இது. காலையில் பன்னிரண்டு மூச்சு, மாலையில் பன்னிரண்டு மூச்சு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். நாச்சிமுத்துவுக்கு இது பிடித்திருந்தது, ஏனென்றால் கத்தி கையில் இல்லாத நேரத்தில் எண்ணுவதற்காவது ஏதோ இருந்தது.

வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம் ஆன ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு எண்ணி அவன் விட்ட மூச்சில் அவன் கடைசியாகக் குடித்த நாளின் பிராந்தி முழுதாக வெளியே வந்தது. வாடை அல்ல, பிராந்திதான், காற்றாக. வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் ஒருவர் பாட ஆரம்பித்தார், ஒருவர் செத்துப்போன தன் எருமையின் பெயரைச் சொல்லி அழுதார், இருவர் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டார்கள். அடுத்த மூச்சில் அதற்கு முந்தைய நாளின் பிராந்தி வந்தது. சிஸ்டர் எழுந்து ஜன்னல்களைத் திறந்தார், எட்டுப் பேரையும் மறுபடி கட்டிலுக்கு அனுப்பினார், நாச்சிமுத்துவைத் தனியாக வெளியே வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டார். குடித்த ஒரு நாளுக்கு ஒரு மூச்சு. பத்தொன்பது வருடத்துக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நாள். தினம் இருபத்து நாலு மூச்சு விட்டால் இருநூற்று எண்பத்தொன்பது நாளில் தீர்ந்துவிடும். வெட்டவெளியில் உட்காருங்கள் அண்ணா, குடியை விட்டவர்கள் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், ஒரு மூச்சுகூடக் குறைக்காதீர்கள், புதன்கிழமை புதன்கிழமை மாத்திரைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

நாச்சிமுத்து ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தான். முதல் நாள் ஒரு வெள்ளாடு வந்து நின்று அவன் மூச்சை முகர்ந்துகொண்டு, போகும்போது தன் நிழலை முட்டிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் நடைப்பயிற்சிக்கு வந்த ரங்கநாயகம் அந்தப் பக்கமாகத் திரும்பினார்.

ரங்கநாயகம் அரிசி ஆலை முதலாளி. ஊரின் மதுவிலக்குக் கமிட்டிக்குப் பதினாறு வருடமாக அவர்தான் தலைவர். குடியின் நாற்றமே தெரியாத பரம்பரை என்று எல்லா மேடையிலும் சொல்லிக்கொள்வார், பத்தடி தூரத்தில் குடிகாரன் வந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அன்றும் பொத்திக்கொண்டுதான் நின்றார். எட்டாவது மூச்சில் துண்டு தோளுக்கு வந்தது. பன்னிரண்டாவது மூச்சில் அவர் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், கண்களில் நீர் வழிந்தது, உலகத்தில் கெட்டவர்களே இல்லை என்று தோன்றியதாக அவரே பிற்பாடு சொன்னார். மறுநாள் கமிட்டியில் மற்றவர்களையும் அழைத்து வந்தார்.

ஈச்சம்புதூரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட வேண்டுமென்றால் முதலில் அதைப் பிராந்தி என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அது பிராந்தி அல்ல, பிராணன் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. ஆலைக்காரர்கள், வக்கீல், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் எல்லோரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, பாய் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காலையில் வந்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று துண்டைத் தூக்கிப் பார்த்து அந்தப் பக்கமாக வயதுப்படி உட்கார்ந்தார்கள், வயதை விடச் செல்வாக்கு பெரிது என்று இரண்டாம் வாரத்தில் அந்த வரிசையை மாற்றினார்கள், வெள்ளிக்கிழமை மாலையைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள், குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று எழுதிப் போட்டார்கள், ஏன் வேண்டாம் என்று மட்டும் எழுதவில்லை. திரும்பிப் போகும்போது இடதும் வலதுமாகப் போனார்கள். அதற்கு ஆனந்த நடை என்று பெயர் வைத்தார்கள். வக்கீல் ஒரு நாள் சாக்கடையில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அது சமாதி நிலை என்று சொல்லி நாலு பேர் மரியாதையாகத் தூக்கிவிட்டார்கள். தொட்டிக்கு வரும் வழியில் ஒரு காவலாளியைப் போட்டு, குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டினார்கள். நாச்சிமுத்துவோடு முன்பு குடித்த தறிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தபோது அந்தக் காவலாளி அவன் வாயை முகர்ந்து துரத்திவிட்டான். அந்தத் தறிக்காரன் அன்றைக்குக் குடிக்கவில்லை, ஆனால் சட்டை அழுக்காக இருந்தது.

நேற்றுவரை, டேய் நாச்சிமுத்து என்று கூப்பிட்டவர்கள் இப்போது சாமி என்றார்கள். நாச்சிமுத்து அவர்களிடம் வர வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தான், அடக்கம் என்றார்கள். கல்குவாரிப் பள்ளத்துக்கு இடம் மாறினான், பாயோடு அங்கே வந்தார்கள். அவனுக்கு வேலை செய்து பழக்கமே ஒழிய மறுத்துப் பழக்கமில்லை. அதனால் அவன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான்.

அவர்கள் அறியாத ஒன்று உண்டு. ஒவ்வொரு மூச்சும் வெளியே போகும்போது அந்த நாளையும் அவன் கண்ணுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனது. மாப்பிள்ளையின் கன்னம் வந்தது. வேலாத்தாளின் தோட்டை அடகுக்கடையில் வைத்த நாள் வந்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போகக் கால் நிற்காமல், இளநீர்க் கடை நிழலில் படுத்துக்கொண்ட பகல் வந்தது. அந்த மூச்சை விட்டபோது அவனுடைய மூடிய கண்ணிலிருந்து நீர் தாடைவரை இறங்கியது, எதிரே இருந்த கூட்டம் நாக்கைச் சப்புக்கொட்டியது, இன்றைக்குச் சரக்கில் ஒரு இனிப்பு இருந்ததே, கவனித்தீர்களா என்று ரங்கநாயகம் பக்கத்திலிருந்த வக்கீலிடம் கேட்டார். சரக்கு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததை அவரும் கவனிக்கவில்லை, வக்கீலும் கவனிக்கவில்லை.

வேலாத்தாள் மட்டும் ஒரு நாள் பெண்கள் வரிசையில் வந்து உட்கார்ந்து பன்னிரண்டு மூச்சையும் வாங்கினாள். சுற்றியிருந்தவர்கள் சாய்ந்து கிடந்தபோது அவள் நேராக எழுந்தாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று வக்கீலின் மனைவி குழறலாகக் கேட்டாள்.

"பதினாலு வருசமா இந்த மூச்சுலதானுங்க பக்கத்துல படுத்துக் கெடந்தேன்," என்றாள் வேலாத்தாள். "எனக்கு ஒரு நாளும் ஆனந்தம் வரலீங்க."

மூன்றாம் மாதம் மழை வந்ததும் கமிட்டி ஒரு மண்டபம் கட்டியது. காற்று வீணாகாதபடி ஜன்னலே இல்லாமல் கட்டியது, தரைக்குப் பளிங்கு போட்டது, நாச்சிமுத்துவுக்கு ஒரு மேடையும் அவன் முதுகுக்குப் பின்னால் கூட்டத்தைப் பார்த்துச் சுழலும் மூன்று மின்விசிறிகளும் வைத்தது, தலைமுறைகள் தோறும் என்று கல்வெட்டில் பொறித்தது. தலைமுறை என்பது எத்தனை வருடம், இருநூற்று எண்பத்தொன்பது நாள் என்பது எத்தனை மாதம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஒரு மனிதனுக்குள் குடி ஊறிக்கொண்டே இருக்கும் என்று நம்பினார்கள், ஊற்றினால்தானே ஊறும் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவில்லை. ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நாச்சிமுத்து மண்டபத்தைப் பற்றிச் சொன்னபோது ஜெயசீலி சிஸ்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஜன்னல் இல்லையா என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் மண்டபத்துக்கே வந்து, வாசலில் நின்று, இங்கே இருக்கும் எல்லோரும் வார்டில் வந்து பெயர் பதிய வேண்டியவர்கள் என்று கமிட்டிக்காரர்களிடம் சொன்னார், மீதி எவ்வளவு என்ற கணக்கையும் சொன்னார். முதலில் சொன்னதற்குச் சிரித்தார்கள். இரண்டாவது சொன்னதற்குச் சிரிக்கவில்லை. ஒரு வேளைக்குப் பன்னிரண்டு மூச்சுக்குப் பதில் ஆறு விட்டால் இன்னும் கொஞ்ச நாள் வருமே என்று ரங்கநாயகம் யோசனை சொன்னார். பன்னிரண்டுதான் என்று சிஸ்டர் சொன்னார்.

ஒன்பதாம் மாதத்தில் மூச்சு மெலிந்தது. நாச்சிமுத்துவின் இளம் வயது அது. கையில் காசு இல்லாமல், கிடைத்ததை மூன்று பேர் பங்கு போட்டுக் குடித்த காலம். முன்வரிசைக்கே போதவில்லை. பின்வரிசையில் சண்டை வந்தது, விசிறியைத் திருப்பினான் என்று ஒருவர் இன்னொருவரின் பாயைக் கிழித்தார், வீட்டில் சாம்பார்க் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார்கள், காலையில் காபி டம்ளர் அவர்கள் கையில் கிடுகிடுத்தது. பனி அதிகம் என்று சொல்லிக்கொண்டார்கள். அது சித்திரை மாதம்.

இருநூற்று எண்பத்தொன்பதாம் நாள் மாலை, நாச்சிமுத்து மண்டபத்துக்குப் புறப்படும் முன்பே, கமிட்டி அவன் வீட்டு வாசலுக்கு வந்தது. தாம்பாளத்தில் வாழைப்பழம், பூ, நடுவே ஒரு பித்தளைக் கூஜா, கூஜாவின் வாயில் துளசி. மண்டிச் சேலையோடு வேலாத்தாள் கதவருகே நின்றாள். ரங்கநாயகம் தாம்பாளத்தை நாச்சிமுத்துவின் முன்னால் வைத்துவிட்டு, ஊர் நன்மை, மண்டபச் செலவு, நூறு குடும்பங்களின் மன நிம்மதி என்று நெடுநேரம் பேசினார். துளசியை எடுக்குமுன்பே நாச்சிமுத்துவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அவன் நாக்கின் அடியில் நீர் ஊறியது, உள்ளங்கை வேர்த்தது, ஒன்பதரை மாதமாக நிதானமாக இருந்த கை லேசாக ஆட ஆரம்பித்தது. வேலாத்தாள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள்ளிருந்த அரிசி டிரம்மை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு டம்ளர் சாமி," என்றார் ரங்கநாயகம். "நீங்க குடிக்கறதாவே நெனைக்க வேண்டாம். எங்களுக்காக உள்ள வெச்சிருக்கறதா நெனைச்சுக்குங்க."

"குடிக்க வேண்டாம்னு சொல்றதுக்குத்தானுங்களே உங்க கமிட்டி?"

"அது குடிகாரங்களுக்கு."

"சித்தெ இருங்க," என்றான் நாச்சிமுத்து. "இன்னிக்கு விட வேண்டியது பன்னண்டு பாக்கி இருக்குது. விட்டுப்போட்டு வந்து சொல்றனுங்க."

கூஜாவைத் தள்ளி வைக்கவில்லை. அதை எதிரிலேயே வைத்துக்கொண்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடினான். நாலு இழுத்தான், நாலு நிறுத்தினான், எட்டு விட்டான். ஆசை அவன் தோளில் ஏறி உட்கார்ந்தது. நாலு இழுத்தான், நாலு நிறுத்தினான், எட்டு விட்டான். கமிட்டிக்காரர்கள் கழுத்தை நீட்டி மூக்கை நீட்டி அந்த மெல்லிய மூச்சுகளை எட்டிப் பிடித்தார்கள். பதினோரு மூச்சு போயிற்று, கால் மணி நேரமும் போயிற்று, தோளில் இருந்தது இறங்கிப் போயிற்று, கை மடியில் அசையாமல் கிடந்தது.

பன்னிரண்டாவது மூச்சு அவன் முதன்முதலில் குடித்த நாள். அது வெளியே வந்தபோது வாசல் முழுவதும் தவிடு மணந்தது. தவிடும், நல்ல உசத்தியான விஸ்கியும், அதை மறைக்க யாரோ மென்ற கிராம்பும். பழைய ஆலைக் கிடங்கின் மணம் அது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கிடங்கு தெரியும், அந்த மதியமும் தெரியும். அன்றைக்குப் பழைய முதலாளிக்குச் சவரம் செய்ய வந்த பதினேழு வயது நாச்சிமுத்துவை, முதலாளியின் மகனும் அவர் சிநேகிதர்களும் கிடங்குக்குள் கூப்பிட்டு, ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து, இதற்குச் சவரம் செய்டா என்று சொல்லி, அவன் சோப்பு நுரை பூசிக் கவனமாகச் சவரம் செய்ததைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்த நாளும் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் அவனாகவே வந்தான்.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தான். தாம்பாளத்தை எடுத்து ரங்கநாயகத்தின் கையில் கொடுத்தான்.

"இது உங்கூட்டுதுங்க முதலாளி. மொதல்ல கொடுத்ததையும் இப்பத் திருப்பிக் கொடுத்துட்டேன். இனி எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

ரங்கநாயகம் அந்த மணம் தனக்குத் தெரியாது என்றார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார். கூஜாவோடு அவர்கள் தெருமுனைவரை ஒழுங்காக நடந்து போனார்கள், முனையில் திரும்பியதும் கூஜாவுக்காக அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மறுநாள் காலை நாச்சிமுத்து பல் துலக்கி வந்ததும் வேலாத்தாள் பக்கத்தில் போய் முகர்ந்தாள். நம்பாமல் மறுபடி முகர்ந்தாள். கழுவிக் கவிழ்த்த டம்ளரில் எவ்வளவு மணக்குமோ அவ்வளவுதான் மணந்தது. அவள் உள்ளே போய் அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக் கத்தியை எடுத்து வந்தாள், துணியை அவிழ்த்து, ஒட்டியிருந்த இரண்டு அரிசியை ஊதிவிட்டு, அவனிடம் கொடுத்தாள்.

"மாத்திரையை நிறுத்திப்போடாதீங்க மாமா," என்றாள். "மூச்சையும்."

மண்டபம் அப்படியே இருக்கிறது. அதில் இப்போது ஆலையின் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். ஜெயசீலி சிஸ்டர் மூன்று வாரம் தொடர்ந்து வியாழக்கிழமை தோறும் வந்து, வாசலில் மேஜை போட்டு, பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். குடிகாரர்கள் பதிகிற பதிவேட்டில் எங்கள் பெயரா என்று பெரிய மனிதர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள், சிரிக்கும்போது அவர்கள் கையிலிருந்த குடை ஆடியது. அந்தப் பதிவேட்டில் ஈச்சம்புதூரிலிருந்து ஒரே ஒரு பெயர் இருக்கிறது. அது காவலாளி துரத்திவிட்ட தறிக்காரனுடையது. மற்றவர்கள் பக்கத்து ஊர்க் கடைக்கு ஆள் அனுப்பி, மருந்துக்கடைப் பையில் வாங்கி வரச் சொல்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து, மாவட்ட மதுவிலக்கு மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போக வேண்டிய காலையில், ரங்கநாயகம் சலூனுக்கு வந்தார். தாடையில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி இருந்தது. வீட்டில் தானே சவரம் செய்து பார்த்திருக்கிறார். டேய் நாச்சிமுத்து, சீக்கிரம் முடி, கார் காத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

நாச்சிமுத்து துணி கட்டினான், நுரை பூசினான், கத்தியில் புது பிளேடு மாட்டினான். குனிந்து கத்தியைத் தொண்டையருகே கொண்டுபோனான். அவன் கை கல்லில் செய்து வைத்ததுபோல நின்றது. தொண்டைதான் நிற்கவில்லை, அது துடித்தது, தாடை துடித்தது, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த பத்து விரலும் துடித்தன. நடுங்காத கத்திக்குக் கீழே நடுங்கும் கழுத்து எவ்வளவு ஆபத்து என்பது சவரம் செய்கிறவனுக்குத் தெரியும், நுரைக்கு மேலே விழித்துக்கொண்டிருந்த இரண்டு கண்களுக்கும் அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது.

"நாலு எண்ணி இழுங்க," என்றான் நாச்சிமுத்து.

ரங்கநாயகம் இழுத்தார்.

"நாலு எண்ணறவரைக்கும் நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். அந்த நாலு எண்ணிக்கைக்குள் கத்தி தொண்டைக்குழியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பில் ஏறி முடித்தது, ஒரு துளி ரத்தம் இல்லை.

"இப்ப விடுங்க. எட்டு."

ரங்கநாயகம் மூச்சை விட்டார். நாச்சிமுத்து கத்தியை நுரையோடு தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்த எட்டும் முடியும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.